கம்பெனி ஃபிட்டிங்

ஜேம்ஸ் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அவன் தகப்பனார் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மகனையும் அங்கேயே நுழைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மகனோ பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு அயனம்பாக்கத்தில் ஒரு மைக்செட்காரரிடம் போய்ச் சேர்ந்துகொண்டான். மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது, ஒயர் இழுப்பது, ரெக்கார்டு மாற்றுவது என்று எண்பதுகளில் பாதி அப்படியே போயிற்று. ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை மேடையில் வந்து உட்காரும் நேரம் பார்த்து, காதலி கைவிட்டவன் அழுது பாடுகிற பாட்டாகத் தேடிப் போட்டான். பெண் வீட்டார் ஒரு பக்கமும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமுமாக மைக்செட்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். ரெக்கார்டு மாறிப்போயிற்று என்று ஜேம்ஸ் சொன்னதை அவர் நம்பவில்லை. இது முதல் தடவை இல்லையே. வேலை அன்றோடு போயிற்று.

அப்புறம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, தொண்ணூற்றொன்றில் அம்பத்தூர் எஸ்டேட்டில் கஜபதி முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தான். நான் அதே கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிச் சொல்லப் போவதில் பாதி என் கண்ணால் கண்டது. மீதியை மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் ஜேம்ஸ் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறான்.

கஜபதி லேத்தில் நின்று வேலை பார்த்து முன்னுக்கு வந்தவர். வண்டிகளுக்கான ஸ்பிரிங் கிளிப் செய்து பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பினார். அந்தக் கம்பெனிகளிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர்கள் ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனாலேயே அவர்கள் மேல் அவருக்கு ஒரு பக்தி. கார் கம்பெனிக்காரன் ஒரு திருகை ஓர் இடத்தில் வைத்தான் என்றால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்பார்.

தொண்ணூற்றைந்தில் அவர் ஒரு புதுக் கார் வாங்கினார். அதுவரை வைத்திருந்த பழைய வண்டியில் பாட்டு என்ற பேச்சே கிடையாது. இதில் கேசட் பிளேயரும், முன்கதவுகள் இரண்டிலும் ஸ்பீக்கரும் கம்பெனியிலேயே பொருத்தி வந்திருந்தன. எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எஸ்டேட்டுக்கு ஓட்டிவந்த அன்றே ஜேம்ஸ் ஒரு கேசட்டைப் போட்டுக் கேட்டான். முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த தெருவில் யாரோ தகரத்தைத் தட்டுவது போலத் தவில் கேட்டது என்றான். டிரைவர் வேலையில் ஓட்டுகிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம் அதிகம். அந்த நேரமெல்லாம் இந்தத் தகரத்தோடு கழிய வேண்டுமா என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

கதவு ஸ்பீக்கரை மட்டும் மாற்றிவிடலாமா என்று முதலாளியிடம் பணிவாகவே கேட்டுப் பார்த்தான்.

“பத்து இன்ஜினியரு குந்திகினு ரோசனை பண்ணி வச்சிக்கீறான். நீ இன்னா அவனுக்கு மேலயா? கம்பெனி குட்த்ததுல கை வைக்கிற வேலையே வச்சிக்காத” என்றார் கஜபதி.

அடுத்த மாதம் அவர் வேலை விஷயமாகப் புனே போனார். வண்டியை முதல் சர்வீஸுக்கு விட்டு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஜேம்ஸ் சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்தவன், நேராகப் பூந்தமல்லிக்கு விட்டான்.

அங்கே சாதுல்லா என்பவர் சாலையோரம் கடை வைத்திருந்தார். சீட் கவர் தைப்பதும் ஸ்டீரியோ பொருத்துவதும் தொழில். ஆள் நல்ல உயரம், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடிபட்டு ஓரங்கட்டப்பட்ட ஒரு வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று அவரிடம் கிடந்தது. ஜேம்ஸுக்கு அதன் மேல் நெடுநாளாகக் கண். தன் போனஸை அப்படியே கொண்டுபோய் அதில் போட்டான்.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தால், பெரிய வலைக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு காகித ஸ்பீக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. சாதுல்லா ஓட்டையைப் பெரிதாக்கி, ஒட்டுப்பலகையில் வளையம் அறுத்து வைத்து, அதில் புதியதை முடுக்கினார். கதவுத் தகடு அதிராமலிருக்க உள்ளே தார் ஷீட்டைச் சூடு காட்டி ஒட்டினார். பூட்டுக் கம்பிகள் கடகடக்காமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். மேலே அதே அட்டை, அதே வலை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஒரே ஒரு சங்கடம். ஸ்பீக்கரின் காந்தம் பெரியது. ஜன்னல் கண்ணாடி கீழே இறங்கி வந்து அதன் தலையில் உட்கார்ந்துகொண்டது.

“கண்ணாடி முழுசா எறங்காது. நாலு விரக்கடை நிக்கும். பரவால்லியா?” என்றார் சாதுல்லா.

அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பழைய ஸ்பீக்கர் இரண்டையும் துணியில் சுற்றி, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் செருகிவைத்துக்கொண்டு ஜேம்ஸ் கிளம்பினான். எப்போதாவது திரும்ப மாட்ட வேண்டி வந்தால் வேண்டுமே. நூம்பல் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, கேசட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டான். தவில்காரர் தன் மடியிலேயே உட்கார்ந்து வாசித்தார் என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். சொல்லும்போதே தொடையில் தட்டிக் காட்டினான்.

கஜபதி ஊரிலிருந்து வந்த மறுநாள் காலை, வழக்கம்போல முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ செய்தியைப் போட்டார். செய்தி வாசிக்கிறவர் குரல் இவ்வளவு கம்பீரமாக இருந்ததே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். ஓட ஓடத்தான் ஸ்பீக்கர் செட்டாகும், இன்ஜின் மாதிரிதான் என்று ஜேம்ஸ் விளக்கினான். கஜபதிக்கு அது உடனே பிடிபட்டது. புது லேத்தும் கொஞ்ச நாள் ஓடினால்தான் வசத்துக்கு வரும்.

பிறகு கண்ணாடி. அவருக்கு முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு போகப் பிடிக்கும். கைப்பிடியை எவ்வளவு சுற்றியும் கண்ணாடி நாலு விரல் மிச்சம் வைத்து நின்றது. சின்னப் பிள்ளைகள் தலையை நீட்டாமல் இருக்க சர்வீஸில் சேஃப்டி செட் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள் என்றான் ஜேம்ஸ். இறங்கும்போது கதவு ‘தொப்’ என்று கனமாகச் சாத்திக்கொண்டதைக் கவனித்து, அதற்கும் காரணம் கேட்டார். அதற்கும் சர்வீஸ்தான் என்று பதில் வந்தது.

அதன் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எஸ்டேட் முதலாளிகள் சிலர் ஒரு டிபன் கடை வாசலில் கூடுவார்கள். கஜபதி வண்டியைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தி, ஒவ்வொருவராக உள்ளே உட்காரவைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டினார். கண்ணாடியை இறக்கி, அது நிற்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். கதவைச் சாத்திச் சாத்திக் காட்டினார். தான் ஒரு திருகுகூடப் போடவில்லை, அத்தனையும் கம்பெனி ஃபிட்டிங் என்றார். ஜேம்ஸ் தள்ளி நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான், முகத்தைக் காட்டாமல் இருக்க.

இந்த ரகசியத்தை முதலில் கண்டுபிடித்தவர் கஜபதியின் மனைவி கஸ்தூரியம்மா. கோயிலுக்குத் தேங்காய் வாங்கி வந்த பை டிக்கியில் அவிழ்ந்து, ஒரு தேங்காய் ஸ்டெப்னிக்கு அடியில் உருண்டுபோயிற்று. கையை விட்டு எடுத்தபோது கூடவே துணி மூட்டை வந்தது. பிரித்துப் பார்த்தார். ஜேம்ஸைக் கூப்பிட்டார். அவன் பொய் சொல்ல வாயைத் திறந்து, அவர் பார்வையைக் கண்டு, உள்ளதைச் சொல்லிவிட்டான். அவர் திட்டவில்லை. மூட்டையை இருந்தபடியே கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு, வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் முதலாளி கம்பெனியில் இருக்கும்போது வண்டி சும்மாதானே நிற்கிறது, ஆவடியில் தங்கை இருக்கிறாள், அவளைக் கூட்டிக்கொண்டு மேட்னி பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று என்று பொதுவாகச் சொன்னார். ஜேம்ஸ் புரிந்துகொண்டான். அந்த வாரத்திலிருந்து புதன்கிழமைதோறும் வண்டிக்கு ஏதாவது ஒரு சின்ன ரிப்பேர் வந்தது.

இப்படியே போயிருக்கும். இடையில் வேம்புலி வந்தார்.

கள்ளிக்குப்பத்து வேம்புலி ரப்பர் வாஷர் செய்கிறவர். கஜபதியும் அவரும் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். கஜபதி ஒன்று வாங்கினால் வேம்புலி வீட்டிலும் அது வந்தாக வேண்டும். மரத்தடியில் பாட்டுக் கேட்டுவிட்டுப் போனவர், அதே காரை அதே நிறத்தில் வாங்கினார். வாங்கிய வாரமே கம்பெனிக்கு வந்து ஜேம்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, தன் ஸ்பீக்கர் இன்னும் செட்டாகவில்லையே, எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கேட்டார். ஜேம்ஸ் யோசிப்பது போல நின்றுவிட்டு, தூரம் மட்டும் போதாது, போடுகிற கேசட்டும் முக்கியம் என்றான். வேம்புலி ஆன்மீகச் சொற்பொழிவு மட்டுமே கேட்கிறவர் என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். பேச்சுக் கேட்டே பழகினால் ஸ்பீக்கர் அப்படியே ஊமையாகிவிடும், நல்ல அடி விழுகிற குத்துப் பாட்டாகப் போட வேண்டும் என்று சொல்லியனுப்பினான்.

மனிதர் சொன்னபடி செய்தார். தினம் விடியற்காலையில் நெற்றி நிறைய விபூதியோடு, ஜன்னலை ஏற்றிவிட்டு, குத்துப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் சுற்றிச் சுற்றி வந்தார். ஏரிக்கரையில் நடக்கப் போகிறவர்கள் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சத்தம் மட்டும் தகரமாகவே இருந்தது. சர்வீஸுக்கு விட்டபோது, கண்ணாடிக்கு அந்த சேஃப்டியை செட் பண்ணுங்கள் என்று கேட்டிருக்கிறார். அங்கே அவரை ஒரு மாதிரி பார்த்தார்களாம். அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் வலுத்தது. கஜபதிக்கு முதல் ரகம், தனக்கு இரண்டாம் ரகம் தள்ளிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்.

நேராகக் கஜபதி வீட்டுக்கு வந்து, இரண்டு வண்டியையும் ஷோரூமில் நிறுத்திக் கதவைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்றார். கஜபதி உடனே சரி என்றார். அவருக்கு என்ன பயம்? காப்பி கொண்டுவந்த கஸ்தூரியம்மாதான் குறுக்கே பேசினார். ஷோரூம்காரர்கள் தங்கள் சரக்கை விட்டுக் கொடுப்பார்களா, பொதுவான ஆளிடம் போவதுதான் நல்லது, பூந்தமல்லியில் ஒரு பாய் இருக்கிறாராம், ஜேம்ஸுக்குக்கூடத் தெரியும் என்றார். வாசலில் நின்ற ஜேம்ஸின் கையிலிருந்து சாவி கீழே விழுந்தது.

அன்று சாயங்காலமே அவன் சாதுல்லா கடைக்கு ஓடினான். கல்யாணமாகி அப்போதுதான் ஒரு வருஷம். மனைவி ராணி முழுகாமல் இருந்தாள். வேலை போனால் என்ன செய்வது என்று உண்மையிலேயே நடுங்கிப்போயிருந்தான். சாதுல்லா நூலை ஊசியில் கோத்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“வரட்டும் மாமே. அவரு கதவத்தானே தொறக்கணும்? உங்க கதவு இன்னாத்துக்கு? ஒயர் லூசுன்னு சொல்லி முடிச்சிடறேன்.”

நல்ல யோசனைதான். கஜபதியின் பெருமையை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு இரண்டு கார்களும் சாதுல்லா கடை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கஜபதி, சாட்சிக்கு என்று என்னையும் கூட்டிப் போயிருந்தார். சாதுல்லா வேம்புலியின் கதவு அட்டையைக் கழற்றி, சின்ன ஸ்பீக்கரைக் காட்டி, ஒயரை இழுத்துப் பார்த்து, லூசாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். வேம்புலி தலையாட்டினார். அத்தோடு முடிந்திருக்கும். கஜபதி விடவில்லை. ஒயர் டைட்டாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தன் கதவையும் திறந்து காட்டச் சொன்னார். சாதுல்லா டீ சொல்லட்டுமா என்றார். கஜபதி கதவைத் திற என்றார். சாதுல்லா ஸ்குரூ டிரைவரைத் தேடினார். அது அவர் காதில்தான் செருகியிருந்தது. அந்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். இவ்வளவு நிம்மதியோடு அவர் எந்த நாளும் தொழுகைக்குக் கிளம்பியிருக்க மாட்டார். ஜும்மா முடிந்து வந்து பார்க்கிறேன் என்று, கருவியைப் பலகையில் வைத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

வெயில் தாங்காமல் வேம்புலி எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போனார். கஜபதி கொஞ்ச நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே அந்த ஸ்குரூ டிரைவரை எடுத்தார். இரும்பில் வளர்ந்தவருக்கு நாலு திருகு ஒரு வேலையா? பாய் வந்துவிடட்டுமே என்றான் ஜேம்ஸ். அட்டை கையோடு வந்தது.

உள்ளே தார் ஷீட். சைக்கிள் டியூப். ஒட்டுப்பலகை வளையம். நடுவில், கஜபதியின் விரித்த கை அளவுக்கு ஒரு ஸ்பீக்கர், பின்னால் வெளிநாட்டு எழுத்தோடு. காந்தத்தின் தலையில் கண்ணாடி இடித்து இடித்து ஒரு பளபளப்பான வடு.

அவர் அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். ஜேம்ஸைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பூந்தமல்லிச் சாலையில் போகிற லாரிகளைப் பார்த்தேன்.

டீ கிளாஸோடு வேம்புலி சாலையைக் கடக்கத் தொடங்கினார்.

கஜபதி சட்டென்று அட்டையைத் தூக்கிக் கதவின் மேல் வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டார்.

“நானே பாத்துட்டேன் நைனா” என்றார், கொஞ்சம் மூச்சு வாங்கியபடி. “உன்னுதும் என்னுதும் ஒண்ணுதான். ஒயருதான் பேஜாரு. உன் வண்டிய பாய் சரி பண்ணி வைக்கட்டும், நாளைக்கு வந்து எத்துக்கலாம். வா, உன்னை ஊட்ல உட்டுட்டுப் போறேன்.”

வேம்புலியும் நானும் பின்னால் ஏறினோம். கஜபதி முன் சீட்டில், திருகு போடாத அட்டையைக் கால் முட்டியால் அழுத்தியபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வேலப்பஞ்சாவடி தாண்டியதும் வேம்புலி, ஜேம்ஸைப் பாட்டுப் போடச் சொன்னார். போட்டான். அட்டை நடுங்கியது. கஜபதி கையையும் சேர்த்து அழுத்தினார். இன்னும் கொஞ்சம் சத்தமாக வை என்றார் வேம்புலி. வைத்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் அட்டை ஒரு விரல் விலகியது, கஜபதி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கதவை ஏன் அப்படிப் பிடித்திருக்கிறாய் என்று வேம்புலி கேட்டதற்கு, அதிர்வு கைக்கு நல்லது, நரம்புக்கு இதம் என்றார். வேம்புலியும் பின் கதவில் கை வைத்துப் பார்த்தார். இதம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

கள்ளிக்குப்பத்தில் அவரை இறக்கிவிட்ட பிறகு பாட்டை நிறுத்தச் சொன்னார் கஜபதி. வண்டி எஸ்டேட் வாசலில் வந்து நின்றது. ஜேம்ஸின் காதோரம் வியர்வை இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

“அந்தக் கண்ணாடி” என்றார் கஜபதி கடைசியில். “சேஃப்டி இல்லியா?”

“இல்ல மொதலாளி. மேக்னெட் இடிக்குது.”

“எஸ்டேட் ஃபுல்லா சொல்லி வச்சிக்கீறேன்டா.”

ஜேம்ஸ், இப்போதே சாவியைக் கேட்பார் என்று எதிர்பார்த்துச் சாவிக் கொத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தான். கஜபதி கதவு அட்டையைத் தடவிக்கொண்டே கணக்குப் போட்டார். ஜேம்ஸை வேலையை விட்டு அனுப்பலாம். ஆனால் அனுப்பினால் ஏன் என்று வேம்புலி கேட்பார்.

“இதே மாதிரி ஜோடி பாய்கிட்ட வேற கீதா?”

“தேடினா கெடைக்கும்.”

“வேம்புலி வண்டில போடச் சொல்லு. என் செலவு. அவனுக்குத் தெரியக் கூடாது.” இறங்கி இரண்டு அடி நடந்தவர் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார். “கண்ணாடியும் அதே நாலு வெரல்ல நிக்கணும். இடிக்கலைன்னா கட்டை வச்சாவது நிறுத்து.”

சாதுல்லாவிடம் கிடைத்த ஜோடியில் காந்தம் சின்னது. கண்ணாடி தாராளமாக இறங்கியது. சொன்னபடியே உள்ளே ஒரு கட்டை வைத்து நிறுத்தினார்கள். வேம்புலி வண்டியை எடுத்துப்போன அன்று, எங்கள் கம்பெனி வாசலில் நின்று கண்ணாடியை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி எல்லோருக்கும் காட்டினார். ஒயரை டைட் பண்ணினால் போதும், அத்தனையும் தானாக வந்துவிடும் என்றார். சொற்பொழிவுக் கேசட்டுகளுக்குத் திரும்பிப் போனார். பேசுகிறவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது என்று ரொம்ப சந்தோஷம்.

அதற்குள் அதே காரை வாங்கியிருந்த இன்னும் சிலர் ஒயர் டைட் பண்ணக் கிளம்பினார்கள். எல்லோருக்கும் தன் கையிலிருந்து செலவு செய்ய முடியாது என்று கஜபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஒயர் டைட் பண்ணும் கூலி என்ற பெயரில் சாதுல்லா அவர்களிடமே ஸ்பீக்கர் விலையை வாங்கிக்கொண்டார். ஒயருக்கு இவ்வளவா என்று கேட்டவர்களிடம், வெளிநாட்டு ஒயர் என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேம்ஸும் பூந்தமல்லிக்குப் போய்க் கதவு கழற்றினான். நல்ல சத்தம் வந்ததில் யாரும் குறை சொல்லவில்லை.

முதலாளிக்கே விஷயம் தெரிந்துவிட்டதால் இனிப் புதன்கிழமை மேட்னிக்கு வண்டி எடுக்கத் தேவையில்லை என்று ஜேம்ஸ் நினைத்தான். அந்தப் புதன்கிழமையும் கஸ்தூரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஸ்பீக்கர் மட்டும்தானே தெரியும், நாம் போவது அவருக்குத் தெரியாதே என்றார். அதுவும் உண்மைதான். ஜேம்ஸ் வண்டியை எடுத்தான்.

தொண்ணூற்றொன்பதில், கஜபதியின் சம்மதத்தோடு, ஜேம்ஸ் வேலையை விட்டுவிட்டு அம்பத்தூரில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டான். அதற்குள் அவனுக்கும் ராணிக்கும் இரண்டு பெண் குழந்தைகள். சாதுல்லா கொஞ்சம் சரக்கைக் கடனாகக் கொடுத்தார். திறப்பு விழாவுக்கு எல்லோரும் வந்திருந்தோம். ரிப்பன் வெட்டியவர் கஜபதி. வெட்டியதோடு நிற்காமல், கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே நாலு வார்த்தை பேசினார். கம்பெனிக்காரன் வைத்ததை அப்படியே நம்பாதே, கதவைத் திறந்து பார் என்று தான்தான் இந்தப் பையனுக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். சாதுல்லாவுக்கு அப்போது இருமல் வந்தது. கஸ்தூரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வேம்புலி மட்டும் பலமாகக் கை தட்டினார். ஜேம்ஸ் கையைக் கட்டிக்கொண்டு, ஆமாம் மொதலாளி, ஆமாம் மொதலாளி என்று தலையாட்டினான்.

எல்லோரும் ஜிலேபி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் கடையின் முதல் வாடிக்கையாளர் வந்தார். லாரிக்காரர். ஸ்பீக்கரெல்லாம் அவருக்கு வேண்டாம், முன்னால் போகிறவன் திடுக்கிடுகிற மாதிரி ஒரு ஹாரன் வேண்டும் என்றார். ஜேம்ஸின் கண் மின்னியதை நான் பார்த்தேன்.